தக்காளிக்கு "மூலிகை மருந்து" வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பாலக்காடு மாவட்டத்தில் எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தக்காளி போட்டிருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். வெள்ளை ஈக்கு நல்லது, பூரா மூலிகை என்று சொல்லி ஒரு லிட்டர் டப்பா ஒன்றை நம் பக்கத்துக் கடைகளில் விற்கிறார்கள். அதை அடித்ததால் எங்களுக்குப் பயிரும் போனது, கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த வியாபாரமும் போனது.

நாங்கள் ரசாயன மருந்து அடிப்பதை விட்டு வருஷங்கள் ஆகின்றன. வெள்ளை ஈக்கு எப்போதும் வேப்பங்கொட்டைச் சாறுதான். இந்த முறை கொட்டை கிடைக்கவில்லை என்று கடையில் வேப்பெண்ணெய் மருந்து கேட்டேன். "அண்ணா, அதவிட இது பத்து மடங்குங்க. வேம்பு, நொச்சி, பூண்டு எல்லாம் சேர்ந்தது. அரை மணி நேரத்துல ஒரு ஈ நிக்காது பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார். லிட்டர் 1,150 ரூபாய். பில் கேட்டதற்கு, துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் அடித்தோம். அவர் சொன்ன மாதிரியே ஈ செத்துக் கொட்டியது. ஆனால் மறுநாள் காலையில் வரப்போரம் பூசணிப் பூவுக்குள் தேனீக்கள் செத்துக் கிடந்தன. தக்காளி இலையில் எப்போதும் ஊர்ந்துகொண்டிருக்கும் பொறிவண்டு ஒன்றுகூட இல்லை. டேங்க்கைக் கழுவும்போது வேப்பெண்ணெய்க்குரிய கசப்பு வாடையே வரவில்லை, பெயின்ட் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாடைதான் வந்தது.

வேம்பில் வேலை செய்வது அசாடிராக்டின் என்ற பொருள். அது ஈயை நின்ற இடத்தில் கொல்லாது. இலையில் சாறு உறிஞ்ச விடாது, முட்டை இடுவதைக் குறைக்கும், குஞ்சு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். அதனால் பலன் தெரியச் சில நாள் ஆகும், ஒரு தடவை அடித்தாலும் போதாது. அரை மணி நேரத்தில் கொட்டுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கிறதே, அசல் வேப்பெண்ணெய்தான் என்று கடைக்காரர் காட்டுவார். எண்ணெயில் கரைத்த பல ரசாயன மருந்துகளும் அப்படித்தான் வெளுக்கும், அதை நம்பாதீர்கள்.

கொஞ்ச நாளில் ஈ திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் மாவு தூவியது போல இருந்தது. ஈயைத் தின்கிற பூச்சிகள் எல்லாம் செத்துவிட்டனவே, அப்புறம் எது தடுக்கும்? ஈ கொண்டுவந்த இலைச்சுருள் வைரஸ் தோட்டம் முழுக்கப் பரவி, இலைகள் மேல்பக்கமாகச் சுருண்டு, நுனி மஞ்சளாகி, செடி குத்துக்குத்தாக நின்றுவிட்டது. பூ எல்லாம் உதிர்ந்தது. இந்த வைரஸ் வந்த செடியைக் குணப்படுத்த இயற்கையிலும் மருந்து இல்லை, ரசாயனத்திலும் இல்லை. பிடுங்கி எரிப்பதுதான் வழி.

அதற்கு முன் பறித்து அனுப்பிய காயை, கொச்சியில் வாங்குகிறவர் லேபில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். சைபர்மெத்ரின் இருந்தது. அது பைரித்ராய்டு என்ற வகையைச் சேர்ந்த செயற்கைப் பூச்சிக்கொல்லி, மூலிகையிலிருந்து எடுப்பது இல்லை. "சேட்டா, உங்களை நம்பித்தானே விஷமில்லாத காய்னு வித்தேன்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

கடையில் போய்க் கேட்டபோது வந்த பதில்தான் நெஞ்சை எரித்தது. "டப்பாவப் படிச்சுப் பாருங்க, பூச்சி மருந்துன்னு எங்கீங்க போட்டிருக்கு?" உண்மைதான், பொடி எழுத்தில் பயிர் வளர்ச்சி ஊக்கி என்றுதான் இருக்கிறது. வாயால் விற்பது பூச்சி மருந்து, லேபிளில் இருப்பது ஊக்கி. 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் பதிவு செய்யாமல் விற்க இப்படி ஒரு குறுக்கு வழி.

வேம்பு மருந்தும் அந்தச் சட்டப்படி பதிவாக வேண்டியதுதான். அசல் டப்பாவில் அசாடிராக்டின் 300, 1,500 அல்லது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளவு இருக்கும். பதிவு எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, விஷத்தின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்கும். இவை இல்லாத டப்பாவை எவ்வளவு தெரிந்த கடையானாலும் வாங்காதீர்கள். பேட்ச் எண் எழுதின பில் தராத கடையில் எதையுமே வாங்காதீர்கள்.

முடிந்தவர்கள் வேப்பம்பழ சீசனில் கொட்டையைச் சேர்த்து நிழலில் காயவைத்துக்கொள்ளுங்கள். கொட்டையை உடைத்து எடுத்த பருப்பில் 5 கிலோவை இடித்து, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து 100 லிட்டராக்கினால் 5 சதவீதக் கரைசல். வெயிலில் வீரியம் போய்விடும், அதனால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கடையில் இருக்கும் சீல் உடைக்காத டப்பாவில்தான் சாம்பிள் எடுப்பார்கள், அது விற்றுத் தீர்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஊர்க் கடையிலும் இந்த மாதிரி டப்பா இருந்தால், லேபிளைப் போட்டோ எடுத்து, துண்டுச்சீட்டோடு இந்த வாரமே உங்கள் கிருஷி பவன் ஆபீசரிடம் கொடுங்கள்.