ஈ.சி.எம். எரிந்துவிட்டது என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்: 38,500 ரூபாய் பறிகொடுத்தவனின் எச்சரிக்கை

என் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றதற்கு உண்மையான காரணம், கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டுக்கு அடியில் உப்புப் பூத்துப்போயிருந்த எர்த் ஒயர், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை என்ஜினின் உலோக உடலோடு இணைக்கும் ஒயர். அதைச் சரிசெய்ய ஆன மொத்தச் செலவு 900 ரூபாய். இதே கோளாறுக்கு, என்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.எம். எரிந்துவிட்டது, அதை மாற்றினால் ஒழிய வண்டி ஓடாது என்று சொல்லி, மதுரைப் புறநகரில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதாக விளம்பரம் செய்யும் ஓர் ஒர்க்ஷாப் என்னிடம் வாங்கியது 38,500 ரூபாய். கடையின் பெயரை வழக்கறிஞரின் அறிவுரைப்படி இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த முறையில் பணம் பறிப்பதற்கு அந்தக் கடையே தேவையில்லை, ஒரு ஸ்கேனரும் கூச்சமில்லாத நாக்கும் இருந்தால் எந்த ஊரிலும் நடக்கும் என்பதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

வண்டி 2014ஆம் ஆண்டு மாடல் டீசல் கார், காமன் ரெயில் என்ஜின், அதாவது ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி, இன்ஜெக்டர்கள் வழியாகப் பீய்ச்சும் வகை. முதலில் காலையில் மட்டும் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மந்தமாகச் சுற்றியது. பிறகு, ஏசியும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஓடும்போது மீட்டர் போர்டில் ஏ.பி.எஸ். விளக்கும் பவர் ஸ்டீயரிங் விளக்கும் என்ஜின் விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைந்தன. கடைசியில் ஒரு நாள், சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ரிலே அடிக்கும் சத்தம் மட்டுமே வந்தது. பேட்டரி வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை.

பழைய வண்டியாக இருந்திருந்தால் இந்த அறிகுறிகளை வைத்து எவரும் என்னை ஏமாற்றியிருக்க முடியாது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். என் அப்பா டீசல் அம்பாசிடரை டாக்சியாக ஓட்டியவர். அந்த என்ஜினில் டீசலை அளந்து கொடுப்பது முழுக்க முழுக்க இயந்திரப் பம்ப்தான். செல்ஃப் சுற்ற வேண்டும், ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும், அதற்குமேல் என்ஜினுக்கு மின்சாரத்தோடு பெரிய உறவு இல்லை; ஓடத் தொடங்கிய பிறகு பேட்டரி செத்தாலும் வீடு வந்து சேரலாம். பெட்ரோல் வண்டியென்றால் காயில், பாயிண்ட், கண்டென்சர், பிளக் என்று ஸ்பார்க் வரும் பாதையை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எர்த் பலவீனமானால் ஹாரன் அடிக்கும்போது விளக்கு மங்கும், செல்ஃப் இழுக்காது, அவ்வளவுதான். கோளாறு எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் அடையாளமும் இருக்கும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் ஒன்று கையில் இருந்தால் போதும்.

புது என்ஜினில் அப்படி இல்லை. என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் சொல்லாமல் டீசல் பீய்ச்சாது, ரெயிலில் அழுத்தம் போதாவிட்டாலும் பீய்ச்சாது, இந்த இரண்டையும் பார்த்து முடிவெடுக்கும் ஈ.சி.எம். போதுமான வோல்ட் இல்லாவிட்டால் தானே அணைந்து மறுபடி எழும். பெரும்பாலான சென்சார்கள் 5 வோல்ட்டில் வேலை செய்கின்றன. எர்த்தில் அரை வோல்ட் தொலைந்தாலே கணக்கில் 10 சதவீதம் பிசகிவிடும். ஆகவே ஒரே ஒரு எர்த் ஒயர் பலவீனமானால், அது ஒரே நேரத்தில் பத்துக் கோளாறுகளாக வேடமிட்டு, பத்துக் கருவிகளின் பெயரில் ஸ்கேனரில் வந்து நிற்கும். இது தெரிந்த மெக்கானிக், பட்டியலைப் பார்த்ததும் முதலில் பேட்டரியையும் எர்த்தையும் அளப்பார். தெரிந்தும் மனச்சாட்சி இல்லாதவர், பட்டியலில் விலை அதிகமான பொருள் எது என்று பார்ப்பார்.

என்னிடம் நடந்தது இரண்டாவது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியதும், உரிமையாளர் மிக மரியாதையாக உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைக் கப்ளரில் ஸ்கேனரைச் செருகினார். திரை முழுவதும் சிவப்பு வரிகள் வந்தன. டேப்லெட்டை என் பக்கம் திருப்பிப் பிடித்து, "சார், நான் சொன்னா நீங்க நம்ப வேண்டாம், கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க, இதுல பொய் சொல்ல முடியாது" என்றார். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். ஒரு மனிதன் தன் வாய்ச்சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, கருவியின் திரையை நம் கண்முன் நீட்டினால், அதை நேர்மை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஷோரூமுக்குப் போனால் இதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், தன்னிடம் ரீகண்டிஷன் செய்த ஈ.சி.எம். 28,000 ரூபாய்க்கு இருக்கிறது, புரோகிராமிங்குக்கு 6,500, கூலி 4,000 என்று ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிக் காட்டினார். வண்டிக் காப்பீட்டுக்கும் நான்கு டயருக்குமாக எடுத்துவைத்திருந்த பணம் அந்த 38,500 ரூபாய்.

அந்தத் திரையை நான் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். அதில் இருந்த முதல் வரி பி 0562, அதாவது மின்னழுத்தம் குறைவு. இன்னொன்று யு 0100, அதாவது ஈ.சி.எம்.மோடு தொடர்பு அறுந்தது என்று ஏ.பி.எஸ். பிரிவு பதிந்துவைத்த குறிப்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மின்னழுத்தம் விழுந்தபோது ஈ.சி.எம். சற்று நேரம் அணைந்து போனது, அதனால் மற்றவை அதைத் தேடின என்பதுதான் நேரான பொருள். அதைவிட முக்கியம், பி 0562 என்ற வரியை ஸ்கேனருக்குக் கொடுத்ததே என் வண்டியின் ஈ.சி.எம்.தான். எரிந்துபோன பெட்டி பேசுமா? எரிந்துவிட்டது என்று அவர் எனக்குக் காட்டிய ஆதாரத்தை எழுதித் தந்ததே அந்த ஈ.சி.எம். என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு பதறுகிறது.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஜம்பர் போட்டு ஓடவைத்து, டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) சரியா என்று பார்ப்பதற்காக, அங்கிருந்த பையன் ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைத் தூக்கினான். அம்பாசிடர் காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரும் ஈ.சி.எம்.மும் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால், மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி, நல்ல ஈ.சி.எம்.மையும் கொன்றுவிடக்கூடும். உரிமையாளர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

வண்டி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்தார்கள், ஒயர்களை அசைத்திருந்தார்கள், ஸ்கேனரில் பழைய வரிகளை அழித்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி சேர்ந்துவிடும், உங்களுக்குத்தான் நஷ்டம் என்று சொல்லி, "எலக்ட்ரிக்கல் ஒர்க் 38,500" என்று ஒரே வரியில் எழுதிய ரசீதைக் கொடுத்தார்கள். பழைய ஈ.சி.எம். எங்கே என்று கேட்டபோது, அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள்.

மறுபடியும் நின்றது திருச்சி போகும் வழியில், துவரங்குறிச்சியில், நல்ல மழையில். அங்கே லாரிக்கும் டிராக்டருக்கும் ஒயரிங் பார்க்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். அவரிடம் ஸ்கேனர் இல்லை, ஒரு மல்டிமீட்டர் இருந்தது. பேட்டரியை அளந்தார், 12.5 வோல்ட். "சாவியத் திருப்பிப் புடி தம்பி" என்று சொல்லி மறுபடி அளந்தார், 10.7. பேட்டரி நன்றாக இருக்கிறது, பேட்டரியை விட்டுவிடலாம் என்றார். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கின் துருவில்லாத உலோகத்திலும் வைத்து, இன்னொரு முறை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் 2.6 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில் அரை வோல்ட்டுக்குமேல் காட்டவே கூடாது. பேட்டரியில் 10.7 இருந்தும் செல்ஃபுக்குப் போய்ச் சேர்வது 8 வோல்ட் அளவுதான். மீதி அந்த எர்த் பாதையில் சூடாக வீணாகிறது. அவர் பேசாமல் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நேராகப் போட்டார். ஒரே அடியில் வண்டி எழுந்தது.

பேட்டரி டிரேயைக் கழற்றிப் பார்த்தால், கியர்பாக்ஸின் அலுமினிய உடலில் முறுக்கியிருந்த எர்த் முனையின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. செம்பும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் தண்ணீரும் பேட்டரி ஆவியும் சேர்ந்தால் அப்படித்தான் அரிக்கும். ஈ.சி.எம்.மின் எர்த் ஒயரும் அதே போல்ட்டில்தான் வந்து சேர்ந்திருந்தது. ஆல்டர்னேட்டரின் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதும் அதே வழியில்தான். செல்ஃப் மந்தமானது, விளக்குகள் எரிந்தது, புது பேட்டரி அரைகுறையாகச் சார்ஜ் ஆனது, எல்லாவற்றுக்கும் ஒரே போல்ட். சுரண்டிச் சுத்தம் செய்து புது எர்த் கேபிள் போட்டபின் அதே சோதனையில் 0.15 வோல்ட் காட்டியது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வந்தது. கேபிளும் கூலியும் சேர்த்து 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஈ.சி.எம். மாற்றிய கதையைச் சொன்னேன். அவர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இத யாரும் கழட்டவே இல்லையே தம்பி" என்றார். பெட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலைமேல், தொழிற்சாலையில் இழுத்த மஞ்சள் பெயிண்ட் கோடு பிசகாமல் அப்படியே இருந்தது. லேபிளின் மேல் பல வருடத் தூசி இருந்தது. மாற்றவே இல்லை. மாற்றியிருந்தால் சாவியின் இம்மொபிலைசரை (வேறு சாவியால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் மின்னணுப் பூட்டை) புதுப் பெட்டியோடு இணைக்க என்னிடமிருந்த இரண்டாவது சாவியையும் கேட்டிருக்க வேண்டும், நான்கு இன்ஜெக்டரின் மேலும் உள்ள திருத்த எண்களை அதில் ஏற்றியிருக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. தொடாத பொருளுக்கு 28,000, போடாத புரோகிராமுக்கு 6,500.

அன்றே அந்த ஒர்க்ஷாப் உரிமையாளருக்குப் போன் செய்தேன். புது ஈ.சி.எம். செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். எர்த் ஒயரைச் சொன்னதும், வெளி ஆள் கை வைத்ததால் வாரண்டி போய்விட்டது என்றார். நேரில் போனபோது வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருந்தான். பெயிண்ட் கோட்டின் படத்தைக் காட்டியதும் கதை மாறியது: பெட்டியை மாற்றவில்லையாம், உங்கள் பெட்டியைத்தான் பிரித்து உள்ளே சிப்பை மாற்றினோமாம். அப்படியானால் எக்ஸ்சேஞ்சில் போன பழைய பெட்டி எது என்று கேட்டேன். பசை போட்டு மூடிய பெட்டியைப் பிரித்த தடம் எங்கே என்று கேட்டேன். "ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் பக்கம் திரும்பிவிட்டார். டீ வரவழைத்த அதே மனிதர். அதற்குப் பின் என் செய்திகளைப் படித்துவிட்டுப் பதில் போடுவதே இல்லை. 38,500 ரூபாய்க்கு அந்த ஒரு வரிதான் பதில்.

எல்லாச் சோதனைகளையும் படிப்படியாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது கை ஓடவில்லை, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஈ.சி.எம். என்ற சொல் வந்தவுடன், செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்ற பிரிவுகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று சொன்னால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே 16 முனைக் கப்ளரில் 6ஆவது முனைக்கும் 14ஆவது முனைக்கும் இடையே மின்தடை எத்தனை ஓம் என்று பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் அளவில் இருக்க வேண்டும். சென்சார் ஒயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைத் தொட விடாதீர்கள், ஓடும் என்ஜினில் டெர்மினலைக் கழற்ற விடாதீர்கள். வேலைக்கு விடும் முன்பே ஈ.சி.எம். லேபிளையும் போல்ட் தலைகளையும் படம் எடுங்கள். பழைய பொருளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொருளின் எண் எழுதிய முறையான பில் வாங்குங்கள், வரி போனாலும் பரவாயில்லை.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. இதே போலப் பணம் போனவர்கள் தயங்க வேண்டாம்: கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும், ஒரு வரி ரசீதாக இருந்தாலும் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.