போடிங் வீட்டு இணையக் கணக்கு: மென்பொருள் கேட்பதும் வன்னி கேட்பதும்

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் மாணவர் தங்கும் போடிங் வீடுகள் பெருகிவிட்டன. அப்படி ஒன்றை மாமி நடத்துகிறார். வீட்டுக்கு ஒரே ஃபைபர் இணைப்பு. மாதக் கட்டணத்தை அவரவர் பாவித்த அளவைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். வாசலில் மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர், உள்ளே ஒரு பழைய டெஸ்க்டொப்பில் டெபியன் லினக்ஸ், யார் நுழைந்தார், எவ்வளவு பாவித்தார் என்று பதியும் ஃப்ரீரேடியஸ், பதிவை வைத்திருக்கும் தரவுத்தளமான மரியாடிபி, அதைப் பார்வையிட டலோரேடியஸ். சில வருடங்களாக இந்தக் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. இதே வேலையைத் தொடங்க நினைத்து, "என்ன கொம்பியூட்டர் வாங்கவேணும் அண்ணை?" என்று கேட்கும் தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொம்பியூட்டர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம் போதும். ஃப்ரீரேடியஸ் கொம்பியூட்டருக்கு அதிக பாரம் தராது. தரவை வைத்திருக்க மரியாடிபி இயல்பாக ஒதுக்கும் நினைவகமே (இன்னோடிபி) 128 எம்பிதான். வட்டிலும் இடம் அதிகம் போகாது, ஏனென்றால் ஒருவர் உள்நுழைந்து வெளியேறும் வரை நடக்கும் எல்லாம் ஒரே வரியில் பதிவாகிறது. இடையில் வரும் தகவல்கள் அந்த வரியையே புதுப்பிக்கும். ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியே எழுதும் ஸ்குவிட் புரொக்ஸி, நெட்ஃப்ளோ போன்றவற்றைச் சேர்த்தால்தான் பெரிய வட்டு தேவைப்படும். பில் போடுவதற்கு அவை தேவையில்லை.

கணக்கு மென்பொருள்களின் தேவைப் பட்டியலில் புரொசசர், ரேம், வட்டு எல்லாம் இருக்கும். கடிகாரமும் கரண்டும் இருக்காது. எங்கள் பக்கத்தில் பில் சரியா பிழையா என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் கடிகாரம். ஹெக்ஸ் போன்ற சிறிய ரவுட்டர்களில் நேரத்தைக் காக்கும் பற்றரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் அதன் நேரம் 1970 ஜனவரியிலிருந்தோ, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தோ தொடங்கும். இணையம் வந்து, வலையமைப்பில் நேரம் கேட்கும் முறையான என்டிபி வழியாகச் சரியான நேரம் கிடைக்கும்வரை நடக்கும் பதிவுகளை நம்ப முடியாது. பழைய டெஸ்க்டொப்பில் சிமோஸ் பற்றரி இருக்கிறது. அதில் குரோனி என்ற நேர மென்பொருளைப் போட்டு, ரவுட்டர் அதனிடமே நேரம் கேட்கும்படி வைத்திருக்கிறேன். வெளியே இணைப்பு இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் நேரம் தவறாது. அந்தச் சின்ன சிஆர்2032 பற்றரி தீர்ந்துவிட்டதா என்று பார்த்து மாற்றுவது ரேம் கூட்டுவதைவிடப் பெரிய வேலை.

விண்டோஸில் ஓடும் பழைய பில்லிங் மென்பொருள் பாவிப்பவர்கள் நேரவலயத்தையும் பாருங்கள். புதுப்பிக்காத எக்ஸ்பியில் 'ஸ்ரீ ஜெயவர்த்தனபுர' என்பது +6:00 என்றே இருக்கும். இலங்கை 2006 ஏப்ரலில் +5:30க்குத் திரும்பிவிட்டது. 1996இல் கொழும்பு அரசு நேரத்தை மாற்றியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே நடந்தது. இரு பகுதிகளுக்கும் இடையே சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்பிய தலைமுறைக்கு இந்த அரை மணிநேரம் நன்றாகத் தெரியும்.

பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தரும் பக்கேஜ் என்றால் அந்த அரை மணிநேரம் நேரே காசில் போய் நிற்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரவு பத்து மணிக்கு உள்நுழைந்த பிள்ளை விடிய ஐந்துக்கு வெளியேறினால் அது ஒரே வரி, ஒரே கூட்டுத்தொகை. நள்ளிரவுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று அந்த வரி சொல்லாது. ஃப்ரீரேடியஸின் புதிய பதிப்புகளோடு புராசஸ்-ராட்அக்ட் என்ற எஸ்கியூஎல் கோப்பு வருகிறது. அது பாவனையைக் காலப்பகுதிகளாக வேறொரு அட்டவணையில் சேர்த்து வைக்கும். பக்கேஜ் மாறும் நேரங்களில் அது ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் குரோனில் போட்டுவிட்டேன். எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம் இதுதான்.

அப்புறம் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள். இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் மழையோடு இடி முழங்கினால் கரண்ட் நிற்பது வழக்கம். அப்போது ரவுட்டர் விடைபெறும் செய்தியை அனுப்பாமலே அணைந்துவிடும். பதிவில் அந்தப் பிள்ளை இன்னும் உள்ளே இருப்பதாகவே நிற்கும். ஒரு கணக்கில் ஒருவர் மட்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தால், கரண்ட் வந்ததும் அவரால் நுழைய முடியாது. பழைய திறந்த வரிகளை மூட டலோரேடியஸில் வசதி உண்டு. நான் அதைத் தானியக்கமாக ஓட விட்டிருக்கிறேன்.

இடைக்கணக்கு, அதாவது இடையில் ரவுட்டர் அனுப்பும் பாவனைத் தகவல், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஐந்து நிமிடம் என்று வைத்து, ஒருவர் 20 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் 750 எம்பி வரை கணக்கில் ஏறாமல் போகலாம். ஒரு நிமிடம் என்றால் 150 எம்பி. சிறிய வீட்டுக்கு ஒரு நிமிடம் பாரமே இல்லை.

ஹெக்ஸின் RB750Gr3 மாதிரி 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும். அதனால் 12 வோல்ட் பற்றரியிலிருந்து நேரே கொடுக்கலாம். யுபிஎஸ்ஸில் டெஸ்க்டொப் அணைந்த பிறகும் அது நெடுநேரம் ஓடும். ஆனால் சேர்வராக இருக்கும் டெஸ்க்டொப் அணைந்து ரவுட்டர் மட்டும் விழித்திருந்தால் புதிதாக யாரும் நுழைய முடியாது, பதிவும் போய்ச் சேராது. எனவே சேர்வரையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒன்றாக வைப்பதே நல்லது.

பாவனை 4 ஜிபியைத் தாண்டும்போது வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். ரவுட்டரும் ஃப்ரீரேடியஸும் பேசிக்கொள்ளும் ரேடியஸ் நெறிமுறையின் அடிப்படை எண்ணி 32 பிட். 4,294,967,296 பைட்டைத் தாண்டினால் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். எத்தனை முறை சுற்றியது என்பதை கிகாவேர்ட்ஸ் என்ற வேறொரு புலம் சொல்லும். ஃப்ரீரேடியஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் நண்பர் எழுதித் தரும் ஸ்கிரிப்டிலும் இது இருக்கிறதா என்று 5 ஜிபி கோப்பொன்றை இறக்கிச் சோதியுங்கள். ஒரு ஜிபி அளவில் காட்டினால் அதை நம்பிப் பில் போட வேண்டாம். மைக்ரோடிக்கில் 6 ஜிபி எல்லை வைப்பதற்கும் இதே கிகாவேர்ட்ஸ் வேண்டும்.

ரவுட்டரின் இயல்பான ஃபயர்வோலில் வரும், பக்கெட்டுகளைக் (தரவுத் துண்டுகளை) குறுக்குவழியில் அனுப்பும் ஃபாஸ்ட்டிராக் விதியை எடுத்துவிடுங்கள்; அது இருந்தால் வேகக் கட்டுப்பாட்டை மீறிக்கொண்டு பக்கெட்டுகள் ஓடும். மக் முகவரியை (போனின் வலையமைப்பு அடையாள எண்ணை) வைத்துப் பில் போடாதீர்கள். அண்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 14 தொடக்கம் போன்கள் மாற்று முகவரியையே காட்டுகின்றன. பயனர்பெயரும் கடவுச்சொல்லும்தான் வழி.

போன வருடம் ஒரு தம்பி வந்து, "அண்ணை, நான் ரெண்டு கிழமையா மன்னாரில வீட்டில நிண்டனான், எனக்கெப்பிடி இவ்வளவு?" என்று கேட்டார். பதிவைத் திறந்து இருவருமாகப் பார்த்தோம். அவர் இல்லாத இரவுகளில் அவருடைய பெயரில் வேறொரு போன் நுழைந்திருந்தது; தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அளவு எல்லாம் வரிக்கு வரி இருந்தன. கடவுச்சொல்லை யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கே ஞாபகம் வந்தது. அந்த அறைக்காரர் அன்றே காசைக் கொடுத்துவிட்டார். நேரம் பிழைத்திருந்தால் அந்தப் பிள்ளைக்காக நான் பேசியிருக்க முடியாது.

அடுத்ததாக டெஸ்க்டொப்பை மாற்றி ராஸ்பெரி பை 5 வைக்க இருக்கிறேன். 4 வரை வந்தவற்றில் கடிகாரம் இல்லை; 5இல் இருக்கிறது, பற்றரியைத் தனியே வாங்க வேண்டும். தரவுத்தளம் ஓயாமல் எழுதும், எஸ்டி அட்டை அதைத் தாங்காது என்பதால் யுஎஸ்பி எஸ்எஸ்டியும் வாங்குகிறேன்.