பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருப்போர் கவனத்திற்கு: தட்டில்லாத வால்வுக்கு நாங்கள் கட்டிய பணம்

இராமேஸ்வரத்தில் எட்டு அறைகள் கொண்ட ஒரு சிறிய தங்கும் விடுதியை நானும் என் மனைவியும் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மோட்டார்கள், குழாய்கள், எதிரோட்டத் தடுப்பு வால்வுகள் ஆகியவற்றை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துப் பராமரிப்பதாக எழுதிக் கொடுத்து, ஆண்டுக்கு 18,000 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனம் எங்களை எவ்வாறு ஏமாற்றியது என்பதை இங்கே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரை என்று இந்தக் கரையோரத்தில் விடுதியோ மண்டபமோ வைத்திருப்பவர்கள் தங்கள் மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் ஊரில் ஒரு கட்டடத்துக்குள் இரண்டு தண்ணீர் ஓடும். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர்; கழிவறைக்கும் தரை கழுவவும் அதுதான். திருச்சிப் பக்கமிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீரும், போதாதபோது வாங்கும் லாரித் தண்ணீரும் நல்ல தண்ணீர். சமையலுக்கும் குடிப்பதற்கும் அது. கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடிவிட்டு ஈரத் துணியோடு வரும் யாத்திரிகருக்கு ஊரின் தண்ணீர் முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் வரலாம். மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகளை அருகருகே வைத்துக்கொண்டு பாடுபடுவது எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டு தொட்டிகளுக்கும் ஏறும் குழாய்களுக்கு நடுவே, கட்டடம் கட்டியபோதே ஓர் இணைப்புக் குழாய் போடப்பட்டிருந்தது. ஆழ்குழாய் மோட்டார் பழுதானால் நல்ல தண்ணீரைக் கொண்டே உப்புத் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொள்ளலாம் என்பதற்கான ஏற்பாடு அது. அதில் சக்கரத்தைத் திருகி மூடும் ஒரு கேட் வால்வும், அதையடுத்து 'நான் ரிட்டர்ன் வால்வு' எனப்படும் ஓர் எதிரோட்டத் தடுப்பு வால்வும் உண்டு. நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போகலாம், உப்புத் தண்ணீர் இந்தப் பக்கம் வரக்கூடாது. உள்ளே கீலில் தொங்கும் ஒரு வட்டத் தட்டு, தண்ணீர் சரியான திசையில் தள்ளும்போது திறந்துகொள்ளும், எதிர்த்திசையில் தள்ளும்போது இருக்கையில் அமர்ந்து அடைத்துக்கொள்ளும். அந்தத் தட்டு ஒன்றுதான் இரண்டு தண்ணீருக்கும் நடுவே நிற்கும் காவல்.

ஒப்பந்தம் போட்டது சென்ற ஆண்டு புரட்டாசியில். மார்கழியில் ஆழ்குழாய் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி, இணைப்பைத் திறந்து இரண்டு தொட்டிகளையும் நிரப்பினோம். உப்புத் தண்ணீர்த் தொட்டி நிரம்ப நெடுநேரம் ஆனது. பராமரிப்புக்கு வந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். "வால்வு பிடிச்சிருக்குண்ணே, பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுறேன்" என்று மாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது தண்ணீர் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. வால்வுகளுக்கெல்லாம் பளிச்சென்று நீல வண்ணமும் பூசியிருந்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, கையில் 200 ரூபாயும் வைத்தேன். என் முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பங்குனியிலும் ஆனியிலும் அதே மெக்கானிக் வந்தார். இரண்டு முறையும் 'தட்டு, ரப்பர் சீட் மாற்றம்' என்று எழுதி, தலா 2,400 ரூபாய்க்குத் தனி பில் கொடுத்தார். மாடியில் தொங்கும் பராமரிப்பு அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டார். சித்திரையில், குடிநீரைச் சுத்திகரிக்கும் எங்கள் ஆர்.ஓ. கருவியின் மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வு ஆறே மாதத்தில் வீணாகியிருந்தது. மட்டமான மெம்பிரேன் என்று நினைத்துக்கொண்டு புதிது போட்டோம்.

ஆடி அமாவாசைக்கு முந்தைய இரவு, மதுரையிலிருந்து ஆண்டுதோறும் வரும் ஒரு பெரியவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "தம்பி, தண்ணி கரிக்குதே" என்றார். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து நல்ல தண்ணீர்க் குழாயில் பிடித்தேன். எப்போதும் 420-ஐ ஒட்டி நிற்கும் எண் அன்று 1,850 காட்டியது. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. என் முதல் சந்தேகம் லாரிக்காரர் மேல் விழுந்தது. தொலைபேசியில் கடுமையாகப் பேசிவிட்டேன். மறுநாள் அவர் தன் லாரித் தண்ணீரை என் கண்முன்னே அளந்து காட்டினார், 380 இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த வாரம் என் அண்ணன் மகன் விடுமுறையில் வந்திருந்தான். வளைகுடா நாட்டில் பெரிய கட்டடங்களின் குழாய்ப் பராமரிப்பில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்ப்பவன். நல்ல தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னான். ஆழ்குழாய் மோட்டாரை மட்டும் ஓட விட்டான். "இப்ப நல்ல தண்ணித் தொட்டி மூடியைத் திறந்து பாருங்க சித்தப்பா" என்றான். உள்ளே விழும் குழாயிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வாயில் வைத்தேன், உப்பு. கேட் வால்வின் சக்கரம் இறுக மூடியபடிதான் இருந்தது. காரை படிந்து அடைப்பு தேய்ந்த கேட் வால்வு, மூடியும் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. கசிவு மாதத்துக்கு மாதம் கூடியிருக்கிறது.

பிறகு அவன் நான் ரிட்டர்ன் வால்வின் மேல்மூடிக்கு ஸ்பேனரைப் போட்டான். போட்டவன் நிறுத்தி, என்னை அருகில் அழைத்துக் காட்டினான். மூடியும் உடலும் சேரும் இடத்தில் நீல வண்ணம் ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் ஒரே படலமாகப் படிந்திருந்தது. வண்ணம் பூசியது மார்கழியில், அதன்பிறகு யாரும் மீண்டும் பூசவில்லை. அந்தப் படலம் உடையாமல் மூடியைத் திறக்க முடியாது. திறக்காமல் பங்குனியிலும் ஆனியிலும் தட்டையும் ரப்பரையும் எப்படி மாற்ற முடியும்? ஸ்பேனரைத் திருகியதும் வண்ணம் முட்டை ஓடு போல் சிதறியது. உள்ளே கீல் ஊசி இருந்தது, அதில் வெறும் கை தொங்கியது, தட்டு இல்லை. தண்ணீர் வேகமாக ஏற வேண்டும் என்பதற்காக, காரை படிந்து இறுகிய தட்டைச் சுத்தம் செய்யாமல் கழற்றி எறிந்துவிட்டார். இது அவர் ஒருவர் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை, 'பிரஷர் வரலை' என்று சொன்ன இடங்களிலெல்லாம் நடக்கிற வேலைதான் என்று என் அண்ணன் மகன் சொன்னான்.

அடுத்து ஆழ்குழாய் மோட்டாரின் வால்வையும் திறந்தோம். தட்டு இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாக இறுகி, இருக்கையில் மணல் ஒட்டி, பாதி திறந்த நிலையிலேயே நின்றது. பித்தளை சில இடங்களில் செம்பு நிறமாக மாறியிருந்தது. உப்பு மிகுந்த தண்ணீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிட, மிஞ்சுவது துளை விழுந்த செம்பு என்று விளக்கினான். இந்தக் கரையோரத்தில் உப்புத் தண்ணீர் லைனுக்குப் பித்தளையைவிட, செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டலே தாங்கும். வாங்கும்போது ஐ.எஸ். 778 முத்திரையும், உடலில் ஓட்டத் திசை காட்டும் அம்புக்குறியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அம்புக்குறியைத் தலைகீழாக வைத்துப் பொருத்திய வால்வுகளையும் அவன் பார்த்திருக்கிறானாம்.

எனக்கு இதைவிட அதிகக் கலக்கம் தந்தது நல்ல தண்ணீர் வந்து சேரும் தரைத்தொட்டி. நகராட்சிக் குழாயின் முனை எங்கள் தொட்டித் தண்ணீருக்குள் அரையடி மூழ்கியிருந்தது. குழாயில் தண்ணீர் வரத்து நின்று, தாழ்வான தெருக்களில் லைன் வடியும்போது, பெட்ரோலை டியூப் வைத்து உறிஞ்சுவது போல எங்கள் தொட்டித் தண்ணீர் தெருக் குழாய்க்குள் இழுக்கப்படும். நுழைவு வால்வில் மணல் சிக்கியிருந்ததால் அதுவும் தடுக்கவில்லை. ஆக, எங்கள் தொட்டியில் பல்லி விழுந்து செத்திருந்தால் அந்தத் தண்ணீரை அடுத்த தெரு குடித்திருக்கும். மூன்று முறை வந்தவர் இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. குழாய் முனைக்கும், தொட்டி வழிந்தோடும் மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது வெற்றிடைவெளி வேண்டும். எங்கள் முக்கால் அங்குலக் குழாய்க்கு ஒன்றரை அங்குலம் போதும். அண்ணன் மகன் ஹாக்சா பிளேடால் குழாயை அறுத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். தேய்மானமே இல்லாத இந்த வெற்றிடைவெளியைப் போல் நம்பகமான தடுப்பு வேறில்லை என்பது அவன் கருத்து.

எங்களுக்குக் கலந்தது உப்போடு போயிற்று. 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு விடுதிகளின் பழுதான குழாய்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்து அமீபா சீதபேதி பரவியதில் 98 பேர் இறந்தார்கள். விடுதி நடத்துபவனாக இதைப் படித்தபின், குளியலறை வாளிக்குள் கிடக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் டியூபைக்கூட இப்போது எடுத்து மாட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

நிறுவனத்தின் மேலாளரிடம் படங்களைக் காட்டினேன். "உப்புக்காத்து சார், இந்த ஊர்ல எந்த வால்வும் தாங்காது" என்றார். உப்புக்காற்று தட்டைக் கழற்றிக்கொண்டு போகுமா என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் 'பரிசோதனை' என்றுதான் இருக்கிறது, 'திறந்து பார்த்தல்' என்று இல்லை என்று பேச்சை மாற்றினார். பராமரிப்பு அட்டையில் மூன்று வருகைக்கும் 'அழுத்தம் 2 கிலோ' என்று எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பிரஷர் கேஜின் முள் மார்கழிக்கு முன்பே ஒடிந்து பூச்சியத்தில் கிடக்கிறது. இதற்கு அவரிடம் பதில் இல்லை.

அண்ணன் மகன் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடுப்புகள் கொண்ட இரட்டைத் தடுப்பு வால்வுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக் கேஜ் மாட்டி அளக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்பும் குறைந்தது 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்த வேறுபாட்டையாவது தாங்கி நிற்க வேண்டும். நம் வீடுகளில் அந்தக் கருவி இல்லாவிட்டாலும், ஒரு மோட்டாரை நிறுத்தி இன்னொன்றை ஓடவிட்டு மூடியைத் திறந்து பார்க்கும் சோதனைக்குச் செலவே இல்லை. இப்போது வால்வின் இருபுறமும் குழாயை அறுக்காமல் கழற்றி மாட்ட உதவும் யூனியன் போட்டு, நடுவே ஒரு சிறு சோதனைக் குழாயும் வைத்திருக்கிறோம். இணைப்புக் குழாயையோ அடியோடு அறுத்து இரு முனைகளிலும் எண்ட் கேப் போட்டுவிட்டேன். மோட்டார் எரிந்தால் பத்து நாள் சிரமப்பட்டுக்கொள்கிறோம். வேலைக்கு வருபவர் வால்வைத் திறக்கும்போது நானோ என் மனைவியோ பக்கத்தில் நிற்கிறோம், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிய பிறகே பில்லுக்குப் பணம் கொடுக்கிறோம். வால்வுகளுக்கு வண்ணம் பூச யாரையும் விடுவதில்லை.

பில்கள், அட்டையின் படம், திறந்த வால்வின் படம் ஆகியவற்றுடன் நிறுவனத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தட்டில்லாத அந்த வால்வைத் துணியில் சுற்றி, மூடியில் ஒட்டியிருக்கும் மிச்ச நீல வண்ணம் உதிராமல், வரவேற்பு மேசையின் இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.