ஸ்டார்ட்டர் பெட்டியில் எறும்பு, ப்ரீதரில் குளவி: ஆறு வருட அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். கிணற்றில் ஏழரை எச்.பி. மோட்டார், வயசான டிராக்டர் ஒன்று, பவர் ஸ்பிரேயர் ஒன்று. மூன்றுமே வெயிலிலும் மழையிலும் கிடப்பவை. மோட்டார் ரூம் என்று பேர், கதவு கிடையாது. பூச்சி புகாமல் இருக்க ஆறு வருடமாக நான் செய்து பார்த்ததில் எது நின்றது, எது வீண் என்று எழுதுகிறேன்.

தொடக்கம் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிதான். அதை ஆட்டோ ஸ்விட்சில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். ராத்திரி த்ரீ பேஸ் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஒரு சித்திரை மாதம், பெட்டி ‘கொர்ர்ர்’ என்று உறுமுகிறது, மோட்டார் எடுக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோகலாம் என்று ஆள் கூப்பிட்டேன். வந்த எலக்ட்ரீசியன் தம்பி சிரித்தார். “மோட்டார்ல ஒண்ணும் இல்லீங்ணா, பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?”

திறந்தால் கான்டாக்டருக்குள், அதாவது காயில் இழுத்ததும் முனைகள் சேர்ந்து மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சுக்குள், கறுப்பாக ஒரு கைப்பிடி எறும்புப் பிணம், அதற்குக் கீழே முட்டை. காயிலின் கதகதப்புக்குக் குடிவந்திருக்கிறது. காயில் இழுக்கும்போது இரும்பு முகம் இரண்டும் ஒட்டிச் சேர வேண்டும். நடுவில் எறும்பு நசுங்கிக் கிடந்தால் முழுசாகச் சேராது. அதுதான் உறுமல். அப்படியே விட்டால் காயில் சூடேறிப் புகையும். மூன்று முனைகளில் ஒன்று மட்டும் சேராமல் போனால் மோட்டார் இரண்டு பேஸில் ஓடி வைண்டிங்கே கருகிவிடும். அந்த முறை காயிலோடு தப்பித்தேன்.

பிறகு செய்யாத வைத்தியம் இல்லை. பாச்சை உருண்டை போட்டேன். நம்மூர் வெயிலில் கரைந்து காணாமல் போனது. எறும்புச் சாக்பீஸ் முதல் மழை வரைக்கும்தான். கேபிள் வரும் குழாயில் கிரீஸ் வளையம் தடவினேன். நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் பத்துப் பதினைந்து நாளில் அதன்மேல் தூசி படிந்ததும் எறும்பு அதையே பாலமாக்கி நடந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார் என்று உள்ளே வேப்பெண்ணெய் தடவியது என் முட்டாள்தனம். எண்ணெயில் தூசி ஒட்டி கான்டாக்ட் எல்லாம் பிசுக்கு. மண்ணெண்ணெய், ஸ்பிரே எதையும் பெட்டிக்குள் அடிக்கவே கூடாது. பொறி பறக்கிற இடம் அது.

நிலைத்தது ஓட்டையை அடைத்ததுதான். கேபிள் நுழையும் வாய்க்கு ரப்பர் கிளாண்ட், மற்ற இடுக்குகளுக்கு எம்-சீல். ஆனால் மோட்டார் அதிர்வில் எம்-சீல் இரண்டே கோடையில் வெடித்துவிட்டது. அதற்கப்புறம் சிலிக்கான் வைத்தேன், இன்றுவரை இருக்கிறது. நடுவில் ஒரு தப்பும் செய்தேன்: ஆத்திரத்தில் அடியிலிருந்த தண்ணீர் வடியும் ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் பெட்டிக்குள் வியர்த்து ஸ்க்ரூவெல்லாம் துரு. இப்போது அந்த ஓட்டையைத் திறந்து, உள்பக்கமாக ஸ்டீல் வலைத்துண்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டிவிடுவேன்.

குளவி வேறு ஜாதி. சுவரில் உருண்டை உருண்டையாக மண் அப்பிக் கட்டுவது ஒன்று, இருக்கிற ஓட்டையில் புகுந்து வாயை மண்ணால் பூசுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ரொம்ப நாள் சுவரில் இருந்ததையே இடித்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா வேறு, “குளவி கூடு கட்டுனா வீட்ல புள்ள பொறக்குங் கண்ணு, கலைக்காத” என்று திட்டும். இடித்த கூட்டுக்குள் பார்த்தால் அறை அறையாகச் சிலந்திகள். செத்தவை அல்ல, கொட்டி மயங்கவைத்தவை. காலை லேசாக ஆட்டும். அறைக்கு ஒரு முட்டை. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்களே, உண்மையில் அந்தப் புழு குளவிக்குஞ்சின் சோறு. ஓட்டையில் கட்டும் சின்னக் குளவி பச்சைப் புழுவைத்தான் அடைக்கிறது. பயிருக்கு நல்லது, என் டிராக்டருக்கு ஆகாது.

டிராக்டரில் பின் ஆக்சிலில் ஆயில் கசிந்தது. மெக்கானிக் ஆயில் சீல் மாற்றினார். ஒரு மாதத்தில் மறுபடி கசிவு, மறுபடி சீல். மூன்றாவது தடவை வேறொருவரிடம் போனேன். அவர் சீலைப் பார்க்கவே இல்லை. மேலே இருந்த ப்ரீதரை, அதாவது உள்ளே ஏறும் காற்று வெளியேறும் மூச்சுக்குழாயைத் துடைத்து, கம்பியை விட்டுக் குத்தினார். மண் உதிர்ந்தது. மூச்சு அடைபட்டதால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வந்திருக்கிறது. டீசல் டேங்க் மூடியின் காற்று ஓட்டையிலும் ஒருமுறை இதே கதை. கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று காற்றை இழுக்கும், மறுபடி ஓடும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் குழாய் அடைபட்டிருந்தது; பல நாள் மூடாமல் நின்ற விமானத்தில் மண்குளவி கட்டியிருக்கலாம் என்பதுதான் விசாரணையின் சந்தேகம்.

மூச்சு விடும் ஓட்டையை அடைக்க முடியாது, வலைதான் போடவேண்டும். ப்ரீதரில் ஒரு விரல்கடை ரப்பர் ஹோஸ் மாட்டி, வாயில் ஸ்டீல் வலை வைத்து கிளிப் போட்டேன். நாலு வருடம் ஆகிறது, பிரச்சினை இல்லை. முதலில் நைலான் கொசுவலை கட்டியிருந்தேன்; வெயிலில் பொடிந்துவிட்டது. சைலன்ஸருக்குக் கொட்டாங்குச்சி போதும். எடுக்க மறந்தாலும் ஸ்டார்ட் செய்தவுடன் தானே பறந்து விழும்.

மோட்டார் ரூமில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்றால், பக்கத்திலேயே வாய்க்கால் சேறு, மேலே ஒட்டடை நிறையச் சிலந்தி, சுற்றிலும் குழாய். குளவிக்கு வேறென்ன வேண்டும்? ஒட்டடை அடிக்க ஆரம்பித்த பிறகு சுவர்க்கூடு குறைந்திருக்கிறது என்பது என் கணக்கு. ஓட்டையில் கட்டும் குளவிக்கு மாற்று இடமாகக் கூரைக்கடியில் மூங்கில் குச்சிக் கட்டு ஒன்றும் தொங்கவிட்டிருக்கிறேன். பாதிக் குச்சி அடைபட்டிருக்கிறது, சிலவற்றில் மண், சிலவற்றில் வட்டமாக நறுக்கிய இலை. இலை வைப்பது துவரம்பூவுக்கு வரும் இலைவெட்டித் தேனீ, அதை விரட்ட எனக்கு மனமில்லை. கூட்டமாகக் கொட்டும் பெரிய குளவியான கதண்டு கட்டினால் மட்டும் கைவைக்க மாட்டேன், தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன்.

ஸ்பிரேயர் லான்ஸுக்கு (மருந்தடிக்கும் நீளக் குழாய்) சோடா பாட்டில் மூடியை ஓட்டை போட்டு மாட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. இப்போது துணி சுற்றி ரப்பர் பேண்ட். போன மாதம் சுற்ற மறந்துவிட்டேன். காலையில் மருந்தெல்லாம் கலக்கி வைத்தாயிற்று, நாசிலில் சொட்டு வரவில்லை. கம்பி தேடிக் குத்தி எடுப்பதற்குள் காற்று கிளம்பிவிட்டது, அன்றைக்கு மருந்தடிக்கவில்லை.