பூத் டெக்கரேஷன்னு 4,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) விட்டேன், எக்ஸ்போ போறவங்க படிச்சிட்டுப் போங்க

மொதல்லயே சொல்லிடறேன், யார் பேரும் போட மாட்டேன், கேஸ் கோர்ட்ல இருக்கு. ஆனா தீபாவளி எக்ஸ்போவுக்கு நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்பவே பூத் புக் பண்ணிக்கிட்டு இருக்கீங்க, நேத்து கூட நம்ம தாமான்ல (குடியிருப்புல) ஒரு அக்கா வந்து "நல்ல டெக்கரேஷன் ஆளு யாராச்சும் தெரியுமா"ன்னு கேட்டாங்க, எனக்கு வயித்த கலக்கிடுச்சு.

நான் சுங்கை சிப்புட். வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலைல வேலை. நான் வீட்டுலயே கோழிக் கறித்தூள், மீன் கறித்தூள், ரசத்தூள் அரைச்சு விக்கறேன், எங்க பாட்டி தோட்டத்துல ரப்பர் மரம் சீவுன காலத்துல லயத்து வீட்டு வாசல்ல மல்லி காயவெச்சு இடிச்ச அதே அளவுதான், நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. எஸ்.எஸ்.எம். (கம்பெனி ஆணையம்) பதிவு இருக்கு, டைபாய்டு ஊசி போட்டாச்சு, உணவு கையாளுற கோர்ஸ் சர்டிபிகேட் இருக்கு. ஈப்போ பக்கம் பாசார் மாலாம் (ராத்திரி சந்தை), கோயில் திருவிழான்னு போயிட்டு இருந்த எனக்கு போன வருஷம் கோலாலம்பூர்ல ஒரு எக்ஸ்போல 3 நாளு இடம் கெடச்சுது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் பூத், வாடகை 2,600 வெள்ளி. அதுக்கே கூட்டு (சீட்டு) போட்டு எடுத்த காசு.

ஹால் முழுக்க நூத்துக்கணக்குல பூத், நம்மள யாரு பாப்பாங்கன்னு பயம். ஒரு பேஸ்புக் குரூப்ல "பூத்த எப்படி எடுப்பா காட்டுறது"ன்னு கேட்டேன் பாருங்க, அதான் நான் செஞ்ச தப்பு. பத்து நிமிஷத்துல வாட்ஸ்அப்ல ஒருத்தன் வந்துட்டான். "கா, நான் பாத்துக்கறேன் கா, டோன்ட் வொரி." மறுநாளே 3டி படம் அனுப்புனான். செவப்பு ஆர்ச், நடுவுல வாழை இலை மாதிரி கட்டவுட், ரெண்டு பக்கமும் பித்தளை அண்டா, மேல தங்க கலர்ல என் கடை பேரு. படத்துக்குள்ள கோட்டு போட்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் வேற நின்னு என் ரசத்தூள கைல எடுத்துப் பாக்குறான். சிரிப்பு வந்துச்சு, ஆனா மனசு விழுந்துருச்சு.

கொட்டேஷன் 4,500. 70 சதவீதம் முன்பணம், 3,150. கம்பெனி பேரு ஒண்ணு, பேங்க் அக்கவுண்ட் பேரு வேற ஒரு ஆளு. கேட்டேன். "அது என் மாமா கா, கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்ல இருக்கு"ன்னான். இங்கயே நிறுத்தியிருக்கணும். எஸ்.எஸ்.எம். தளத்துல தேடியிருந்தா பதிவு காலாவதியானது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், மோசடி அக்கவுண்ட் தேடுற போலீஸோட செமாக் மியூல் தளத்துல அக்கவுண்ட் நம்பர போட்டு பாத்திருக்கலாம், அதுல ஒண்ணும் வரலன்னாலும் ஆளு நல்லவன்னு அர்த்தம் இல்ல, அது வேற விஷயம். எதுவுமே செய்யல, காச போட்டேன்.

இப்ப உண்மையான வயித்தெரிச்சலுக்கு வரேன். எக்ஸ்போகாரங்க 40 பக்கத்துக்கு ஒரு மேனுவல் பி.டி.எஃப். அனுப்பியிருந்தாங்க, இங்கிலீஷ்ல. நான் தெறக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் மக படிச்சு சொல்றா, நான் கட்டுன 2,600லயே மூணு பக்கம் வெள்ளை கலர் தடுப்புச் சுவரு, கார்ப்பெட், ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ரெண்டு ஸ்பாட்லைட், ஒரு 13 ஆம்ப் பிளக், முன்னால கடை பேரும் பூத் நம்பரும் போட்ட பலகை எல்லாம் சேத்திதானாம். கொட்டேஷன எடுத்து வெச்சு பாக்குறேன், கார்ப்பெட் 380, மேசை நாற்காலி 260, ஸ்பாட்லைட் 220, பிளக் பாயிண்ட் 160. ஹால்காரன் எனக்குக் குடுத்த சாமானையே எனக்கு 1,020 வெள்ளிக்கு வித்திருக்கான்! அந்த மேசைய மொத நாளு நான்தான் தொடச்சேன், கால்ல ஹாலோட ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, அப்பவும் புத்திக்கு எட்டல.

செட்டப் நாளு காலைல 10 மணிக்கு வரேன்னவன் ராத்திரி 9க்கு வரான், கூட ரெண்டு பையனுங்க. ஆர்ச் வந்துச்சு, செவப்பும் இல்ல ரோஸும் இல்ல, யாரோ கல்யாணத்துக்கு போட்டது, மூலைல காஞ்ச மல்லிப்பூ இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அண்டா இல்ல. வாழை இலை பிளாஸ்டிக். ஆர்ச் உள்ள போகலன்னு முன்னால இருந்த பேர் பலகைய கழட்டி சுவத்து பின்னால சொருவிட்டான், பூத் நம்பரும் அதோட போச்சு. மறுநாளு என் ரெகுலர் கஸ்டமர் ஒருத்தங்க மேப்ப கைல வெச்சுக்கிட்டு ரெண்டு தடவ என் கடைய தாண்டி போயிருக்காங்க.

பின்னால மாட்டுன பேனர்தான் உச்சம். எட்டடிக்கு எட்டடி. நான் வாட்ஸ்அப்ல ஒழுங்காத்தான் டைப் பண்ணி அனுப்புனேன், "கோழிக் கறித்தூள்"னு. தமிழ் எழுத்த சேத்து வாசிக்க தெரியாத டிசைன் சாஃப்ட்வேர்ல போட்டா அது எழுத்த பிச்சிப் போட்டுரும். கோ-வுல க-வுக்கு முன்னால நிக்க வேண்டிய ரெட்டைக்கொம்பு பின்னால போய் நிக்குது, அதுக்கு பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம், அதுக்கப்புறம் துணைக்கால் தனியா. "க, என்னமோ, ழி". "கறி" மட்டும் எப்படியோ தப்பிச்சிருச்சு. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்த ஒரு ஐயா நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏம்மா, இது என்ன மொழி?"ன்னாரு. கிண்டல் பண்ணல, நெஜமாவே கேட்டாரு. தயவுசெஞ்சு தமிழ் எழுத்து வர்ற எதையும் அச்சுக்கு போறதுக்கு முன்னால ஒரு ஏ4 தாள்ல அடிச்சு கைல வாங்கிப் பாருங்க. எங்க ஊருல தமிழ்க்காரர் பிரிண்டிங் கடைலயே பந்திங் (நிக்க வெக்கிற பேனர்) அடிச்சிருந்தா கால்வாசி காசுக்கு முடிஞ்சிருக்கும், அவருக்கு இந்த எழுத்துப் பிரச்சனை எல்லாம் அத்துப்படி.

கரண்டு கதை தனி. என் திட்டமே வாசனதான். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, சட்டில கொஞ்சம் எண்ணெய், கறிவேப்பில, ஒரு ஸ்பூன் தூளு, அவ்ளோதான், பத்து பூத் தாண்டி ஆளு வரும், பாசார் மாலாம்ல நான் பாத்தது. அவன்கிட்ட மொதல்லயே சொன்னேன். "பண்ணலாம் கா". எங்க ஹால் மேனுவல்ல அந்த பிளக்குக்கு 500 வாட்ஸ்தான் கணக்கு, அதுக்கு மேல வேணும்னா முன்கூட்டியே ஃபாரம் போட்டு காசு கட்டணும், லேட்டா கேட்டா கூடுதல் சார்ஜ். என் அடுப்பு 2,000 வாட்ஸ். மொத நாளு 11 மணிக்கு ஆன் பண்ணேன், என் வரிசையே இருட்டாயிருச்சு. எதிர்ல மசாஜ் நாற்காலி விக்கிற சீன அங்கிள், நாற்காலில படுத்திருந்த ஆளோட சேந்து என்ன மொறைக்கிறாரு. டெக்னிஷியன் வந்து அடுப்ப எடுத்து மேசைக்கு கீழ வெக்க சொல்லிட்டாரு.

ரெண்டாவது நாளு அடுப்பு இல்ல, எழுத்து இல்ல, நம்பர் இல்ல. தங்கியிருந்த அண்ணன் வீட்டுல விடியகாலைல ரசம் வெச்சு ரெண்டு பெரிய ஃபிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு வந்தேன். சின்ன பேப்பர் கப்புல ஊத்தி நடைபாதை ஓரமா நின்னு நீட்டுனேன். ஏர்கான்ல நடுங்கிக்கிட்டு வர்றவங்களுக்கு சூடா மிளகு ரசம், நின்னுட்டாங்க. ஊர் பேர சொன்னதும் ஒரு பெரியவரு "துன் சம்பந்தன் ஊரா?"ன்னு அந்தக் காலத்து நம்ம தலைவர் பேர சொல்லிக் கேட்டு பத்து நிமிஷம் பேசி ஆறு பாக்கெட் வாங்குனாரு. அந்த ரசத்துக்கு செலவு மிஞ்சிப் போனா 30 வெள்ளி. ஆனா கணக்கு கணக்குதான், பூத் வாடகையே முழுசா தேறல.

மிச்சப்பணம் 1,350ம் அவன் விடல. செட்டப் ராத்திரியே "பேலன்ஸ் போட்டாதான் ஆர்ச் லைட் கனெக்‌ஷன் குடுப்பேன்"னு நின்னான், மணி 11, நான் அழுதுகிட்டே டியூட்நவ்ல போன் வழியா காச அனுப்புனேன். கடைசி நாளு பிரிக்க வரவே இல்ல, போன் ஆஃப். வெளி காண்ட்ராக்டர் போட்டா எக்ஸ்போகாரங்க டெபாசிட் கேப்பாங்க, அது என் பேருல கட்டுன 800 வெள்ளி. ஆர்ச்சும் பலகையும் அப்படியே கெடக்கு, தரைல டேப் கறை, டெபாசிட் போச்சு. பேனர மட்டும் சுருட்டி காடில (கார்ல) போட்டுக்கிட்டு வந்தேன், இப்ப வெறகு நனையாம மூடியிருக்கு.

பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) ரிப்போர்ட் எடுத்துக்கிட்டாங்க, ஆனா வேலைன்னு ஏதோ ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கான், இது சிவில் விஷயம்னுட்டாங்க. பயனீட்டாளர் நடுவர் மன்றம் போலாம்னு பாத்தா அது சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு வாங்குறவங்களுக்கு, நான் வியாபாரத்துக்கு வாங்குனவ. கடைசில மாஜிஸ்திரேட் கோர்ட்ல சிறு கோரிக்கை வழக்கு, போராங் (ஃபாரம்) 198. 5,000 வெள்ளி வரைக்கும்தான், வக்கீல் வெக்க முடியாது, நாமளே பேசணும், அது ஒரு வகைல எனக்கு வசதிதான். மொத்தம் 5,300 வருது, 300ஐ விட்டுட்டு போட்டேன். எஸ்.எஸ்.எம்.ல எடுத்த விலாசத்துக்கு சம்மன் கொண்டு போனா கடை பூட்டியிருக்கு, மேல் மாடில குடியிருக்கிறவங்களுக்கு அந்தப் பேரே தெரியல. அடுத்த தேதி வந்திருக்கு.

அவன் நம்பர மாத்திருப்பான். படத்த மாத்தியிருக்க மாட்டான்னு நெனக்கிறேன், ஏன்னா என் பூத்துக்கு காட்டுன அதே படம் சிரம்பான்ல ஒரு நகைக்கடைக்காரங்களுக்கும் போயிருக்கு, பேரு மட்டும்தான் வேற. செவப்பு ஆர்ச், நடுவுல வாழை இலை, கோட்டு போட்ட வெள்ளைக்காரன் வலது கைல எதையோ தூக்கிப் பாக்குறான். உங்களுக்கு அது வந்திருந்தா காசு போடாதீங்க, அனுப்புன நம்பர எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, சம்மன் குடுக்க விலாசம் வேணும்.