டியூப் லெவலா, லேசரா, ஆட்டோ லெவலா? மட்டம் தப்பினால் யார் சொல்வதைக் கேட்பது

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீடு. 12 மீட்டருக்கு 9 மீட்டர். சுவரைத் தாங்க அஸ்திவாரத்துக்கு மேல் ஓடும் பிளிந்த் பீமுக்குக் காங்கிரீட் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. செங்கல் வரிசை தொடங்கும் அன்று காலையில் மேஸ்திரி மட்டம் பார்க்கும் தன் பழைய தண்ணீர் டியூப்பை இழுத்துப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார். "சார், ஈசானி மூலை ஆறு நூலுக்குக் கிட்ட இறங்கிக் கிடக்கு."

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மி.மீ.க்குச் சற்று மேல். நேரில் போய் அளந்தேன். 18 மி.மீ. குறைவு. வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, கரிசல் தன் வேலையைக் காட்டிருச்சா?" என்றார். அவர் மாமனார் மட்டும் ஈசானி மூலை தாழ்ந்தால் நல்லதுதானே என்று வாஸ்து பேசி ஆறுதல் சொன்னார். எனக்கு வேறு பயம். பீமின் சென்ட்ரிங் பலகைக்கு மட்டம் குறித்தது என் லேசர்.

அப்போது என்னிடம் இருந்தவை மூன்று: மேஸ்திரியின் டியூப், என் பச்சை லைன் லேசர், முக்காலியில் வைத்துத் தொலைநோக்கிபோல் பார்க்கும், வாடகைக்கு வாங்கக்கூடிய ஆட்டோ லெவல். மண் இறங்கியதா, கருவி ஏமாற்றியதா என்று கண்டுபிடிக்கப் போய், மூன்றையும் சரியாக எடைபோடும்படி ஆயிற்று.

முதலில் நான்கு மூலையையும் டியூப்பில் அளந்தோம். சென்ட்ரிங்குக்குக் குறித்தபோது லேசர் நின்றது கன்னி மூலையில். அங்கே குறைவு இல்லை. 9 மீட்டர் தள்ளி இருந்த மூலையில் 11 மி.மீ., 12 மீட்டர் தள்ளி இருந்ததில் 14, குறுக்கே 15 மீட்டரில் இருந்த ஈசானியில் 18. எண்களை எழுதிப் பார்த்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது. கட்டடம் ஒரே பலகையாகச் சாய்ந்திருந்தால் எதிர்மூலை 11-ஐயும் 14-ஐயும் கூட்டி 25 இறங்கியிருக்க வேண்டும். இங்கே மீட்டருக்கு 1.2 மி.மீ. என்று தூரத்தின் கணக்கிலேயே குறைந்திருந்தது. மண்ணுக்கு லேசர் எங்கே நின்றது என்று தெரியாது. ஒவ்வொரு மூலைக்கும் கருவியின் முகத்தைத் திருப்பித் திருப்பிக் குறித்திருந்தேன், அதனால்தான் இந்த ஒழுங்கு வந்தது. அசையாமல் ஒரே வாக்கில் வைத்து நான்கு பக்கமும் கோடு வீசியிருந்தால் லேசரின் பிழையும் சாய்ந்த தளமாகவே தெரிந்திருக்கும், இந்தக் கணக்கு கைகொடுத்திருக்காது.

அன்று சாயங்காலமே லேசரைச் சோதித்தேன். 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர். ஒரு சுவரை ஒட்டி லேசரை வைத்து அந்தச் சுவரில் ஒரு கோடு, எதிர்ச் சுவரில் ஒரு கோடு குறித்தேன். பிறகு கருவியை எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அங்கே குறித்த கோட்டின் மேல் ஒளி விழும்படி உயரத்தைச் சரிசெய்துவிட்டு, முதல் சுவருக்குத் திருப்பினேன். நல்ல கருவியானால் பழைய கோட்டிலேயே விழும். என்னுடையது 12 மி.மீ. தள்ளி விழுந்தது. இந்தச் சோதனையில் பிழை இரட்டிப்பாகித் தெரியும். 5 மீட்டர் சுவர் 10 மீட்டருக்கான பிழையைக் காட்டும். ஆக மீட்டருக்கு அதே 1.2. பெட்டியில் போட்டிருந்தது மீட்டருக்கு 0.3.

காரணம் தேடவே வேண்டாம். லைன் லேசருக்குள் ஒரு ஊசல் தொங்குகிறது, அதுதான் தானாக மட்டத்துக்கு வருகிறது. எடுத்துப் போகும்போது பூட்டைப் போட்டு ஊசலை நிறுத்த வேண்டும். நான் பூட்டாமல் பைக் டேங்க் மேல் வைத்து மாதக்கணக்கில் குண்டும் குழியுமான ரோட்டில் அலைந்திருக்கிறேன்.

லைன் லேசரின் குறை பிழை மட்டுமல்ல, பிழையோடும் அது அழகாக நேர்கோடு போடும் என்பதுதான். கோடு பளிச்சென்று விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. உள்வேலைக்கு, அதாவது டைல்ஸ், சுவிட்ச் பாக்ஸ், பால்ஸ் சீலிங்குக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பெட்டியில் போட்ட பிழைக்குள் நிற்கும் கருவியில் 10 மீட்டருக்கு ஒரு நூல்தான் வித்தியாசம் வரும், ஒரு அறை அவ்வளவு தூரம் போகாது. வெளியே மத்தியான வெயிலில் கோடே தெரியாது. சிவப்பைவிடப் பச்சை நன்றாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் வெயிலை வெல்லும் அளவுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பிடித்துக் காட்டும் ரிசீவர் இல்லாமல் அஸ்திவாரத்துக்கு இதை நம்புவது எனக்கு இப்போது ஒப்பவில்லை. தூரம் போகப் போகக் கோடும் தடிக்கும். சித்தாள் கோட்டின் மேல்விளிம்பில் குறித்து, கொத்தனார் கீழ்விளிம்பில் குறித்தால் அதிலேயே ஒரு நூல் போய்விடும்.

இனி டியூப் லெவல். கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். ஊசல் இல்லை, அச்சு இல்லை, கீழே விழுந்து கெட்டுப்போக ஒன்றும் இல்லை. சுவர் மறைத்தாலும் மூலை திரும்பிப் போகும், ஆகவே நேர்ப்பார்வை தேவையில்லை. ஆனால் இதற்கும் ஏமாற்றத் தெரியும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் ஒன்று நின்றால் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நிற்காது. மேஸ்திரி தண்ணீர் ஏற்றிய பிறகு குழாயை முழுக்கத் தட்டித் தட்டிக் குமிழை ஓடவிடுவார், அது வெறும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது குழாயை மிதித்தாலும், மடங்கினாலும், ஒரு முனையில் கட்டைவிரலை எடுக்க மறந்தாலும் கதை முடிந்தது. வெயிலையும் சொல்ல வேண்டும். ஒரு முனை நிழலிலும் மறுமுனை வெயிலிலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்று, இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால், சூடான பக்கத்தில் தண்ணீர் ஏறக்குறைய ஒரு நூல் உயர்ந்து நிற்கும். தண்ணீர் விரிவதுதான் காரணம். தரையில் படுத்துக் கிடக்கும் நீளம் பெரிதாகப் பாதிக்காது, நிமிர்ந்து நிற்கும் பகுதிதான் கணக்கு.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை: அளக்கும் முன்பும் அளந்து முடித்த பிறகும் இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது. அரை நிமிஷம் ஆகும். தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் டியூப் சரி. டியூப்பின் பலம் இந்த எளிமைதான், துல்லியம் அல்ல. அதன் பிழை கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆட்டோ லெவல். மறுநாள் வாடகைக்கு எடுத்து வந்து டியூப்பின் எண்களைச் சரிபார்த்தேன். இரண்டுக்கும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனது, மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். காலம் (தூண்) குறிப்பது, நீளமான மதில், பெரிய மனையின் சரிவு என்று 20 மீட்டரைத் தாண்டிவிட்டால் நான் வேறெதையும் நம்பமாட்டேன். இதன் கோலிமேஷன் பிழையை, அதாவது பார்வைக்கோடு மட்டத்திலிருந்து சாய்ந்திருக்கும் பிழையை, ஒரு பைசா செலவில்லாமல் ரத்து செய்யலாம். அளக்கும் இரண்டு இடங்களும், அதாவது முன்பார்வையும் பின்பார்வையும், சமதூரத்தில் வரும்படி நடுவில் நின்றால் போதும், இரு பக்கமும் ஒரே அளவு தப்பும், கழிக்கும்போது மறைந்துவிடும். கருவி சரியா என்று பார்க்க, 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, நடுவில் நின்று ஒரு வித்தியாசமும், ஒரு முளைக்குப் பக்கத்தில் நின்று ஒரு வித்தியாசமும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

தொல்லை ஸ்டாஃப், அதாவது எதிரே நிறுத்திப் படிக்கும் அளவுக்கோல், பிடிக்கும் இடத்தில்தான். அலுமினிய ஸ்டாஃபின் இரண்டாவது துண்டு 'டக்' என்று பூட்டாமல் பாதியில் நின்றால், மேலே படிக்கும் எல்லா அளவும் வீண். ஸ்டாஃப் சாய்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொல்லி, அதில் வரும் மிகக் குறைந்த எண்ணை எழுதிக்கொள்ளலாம். புதிதாக வரும் என்ஜினியர் பிள்ளைகள் தடுமாறுவது இன்னொன்றில்: எண் பெரிதானால் இடம் தாழ்வு. தலைகீழாக எழுதி, தோண்ட வேண்டிய இடத்தில் மண் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுழலும் லேசரைப் பற்றி ஒரு வார்த்தை. 30 மீட்டருக்கு 1.5 மி.மீ. என்ற வகையில் வரும், ரிசீவரோடு ஒரே ஆள் வேலை பார்க்கலாம், குடோன் தரை, பெரிய ஸ்லாப் என்றால் அருமை. ஆனால் ஈர மண்ணில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கினால் கருவி தன்னைத் தானே மட்டமாக்கிக்கொண்டு, உயரம் மட்டும் குறைந்து, ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். மணிக்கு ஒருமுறை பெஞ்ச்மார்க்கில், அதாவது உயரம் தெரிந்த அசையாத குறியில், ரிசீவரை வைத்துப் பாருங்கள். சின்ன வீட்டுக்கு இது தேவையில்லை.

மண்மேல் சந்தேகம் வரும் வீடும் உண்டு. கட்டி முடித்த பழைய வீடானால் கருவியை எடுப்பதற்கு முன் செங்கல் வரிசையைப் பாருங்கள். பூச்சில்லாத இடத்தில் கலவை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஆப்புபோல் போனால், கட்டும்போதே மட்டம் தப்பியிருந்தது, கொத்தனார் அதை வரிசை வரிசையாகச் சரிக்கட்டியிருக்கிறார். கலவை ஒரே தடிமனில் இருந்து, பேஸ்மென்ட்டும் ஜன்னல் கீழ்மட்டமும் ஒரே அளவு சாய்ந்திருந்தால், கட்டிய பிறகு இறங்கியது. ஒரு தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் உள்ள இறக்க வித்தியாசம் அவற்றின் இடைவெளியில் 300-இல் ஒரு பங்கைத் தாண்டும்போது சுவர் விரிசல் விடத் தொடங்கும் என்பது 1956இல் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் பல கட்டடங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு. 3 மீட்டருக்கு 10 மி.மீ. கரிசலில் இதோடு மழைக்கு உப்புவதும் கோடைக்குச் சுருங்குவதும் சேர்வதால், ஒருநாள் அளவு எதையும் நிரூபிக்காது. அசையாத ஓரிடத்தை பெஞ்ச்மார்க்காக வைத்து ஒரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவைப்படவில்லை. பீமுக்கு மேல் போடும் ஈரத்தடுப்பு அடுக்கை கன்னி மூலையில் 25 மி.மீ., ஈசானியில் 43 மி.மீ. என்று பொடி ஜல்லிக் காங்கிரீட்டில் ஏற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். செலவு என் கணக்கில். மட்டம் குறித்தது இந்தத் தடவை மேஸ்திரியின் டியூப். லேசர் இப்போது பூட்டுப் போட்டு, பஞ்சு வைத்த பெட்டியில் வருகிறது. மாதம் ஒருமுறை அந்த ஐந்து மீட்டர் சுவருக்கும் போகிறது.