குழுவாக உட்கார வைப்பதா, வீடு தேடிப் போவதா?

ஒரு கிராமத்துப் பெண்கள் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை எதை வைத்து நம்புகிறார்கள், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் ஆய்வேட்டின் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். கைடு முதலில் கேட்பது, குழு உரையாடலா, தனி நேர்காணலா என்று. மூன்று மாத அவகாசம், உதவிக்கு அதிகம் போனால் ஒரு தோழி என்ற நிலையில் நான் தேர்ந்தது தனி நேர்காணல். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு இந்த முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம், பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கும் வேலை. களத்துக்குப் போவதற்கு முன் பெரும்பாலானோர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டு முறைக்கும் நல்ல மரபு உண்டு. 1941இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர்கள் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்ட்டனும் வானொலி நேயர்களைக் கூட்டமாக உட்கார வைத்தார்கள். நிகழ்ச்சி பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்பு. கேட்டு முடித்ததும் எந்த இடத்தில் ஏன் அழுத்தினீர்கள் என்று விசாரித்தார்கள். இன்றைய குழு உரையாடலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் ஊடக ஆய்வாளர் டேவிட் மோர்லி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டிப் பேசவிட்டு, 1980இல் அதை நூலாக்கினார். அந்தக் குழுக்களில் பல, வகுப்பிலும் பயிற்சிக் கூடத்திலும் கிடைத்தவை. வீட்டில் யாரோடு, யார் கையில் ரிமோட் இருக்கும்போது பார்க்கிறார்கள் என்பது அதில் பிடிபடவில்லை. அடுத்த ஆய்வுக்கு அவர் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களின் வீட்டுக்கே போய்ப் பேசினார். கேள்வி வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியது என்றால், பேச்சும் வீட்டில் நடப்பதுதான் பொருத்தம்.

செலவு, டீ, வடை, பஸ் கட்டணம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆள் எண்ணிக்கையில் குழு முந்தும் என்பதும் தெரிந்ததே. இனி அந்த எழுத்தாக்கக் கணக்கு.

குழு என்றால் எட்டுப் பேர், 75 நிமிடம், ஐந்து அமர்வு. மொத்தம் 40 பேர், ஆறேகால் மணி நேர ஒலிப்பதிவு. தனி நேர்காணல் என்றால் 15 பேர், ஆளுக்கு 45 நிமிடம். பதினொன்றேகால் மணி நேரம். பார்த்த உடனே குழுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் தனிக் குரலை எழுத ஒரு மணி நேரப் பதிவுக்கு ஐந்து மணி நேரம் போதும். குழுப் பேச்சுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். சராசரியாக ஒன்பது என்று வைத்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 56 மணி நேரம். உழைப்பு சமம், கையில் வருவது சமமில்லை. 75 நிமிடத்தில் பேச்சை நடத்தும் நெறியாளர் பேசும் கால் மணி நேரத்தைக் கழித்தால் ஆளுக்கு ஏழரை நிமிடம். அதுவும் எல்லோரும் சமமாகப் பேசினால். மூன்று பேர் பேசுவார்கள், இரண்டு பேர் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தனியாகப் பேசினால் ஒருவர் குரல் 35 நிமிடம் கிடைக்கும்.

குழுவின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எழுத்தாக்கிய பேச்சு, இந்த மாதிரி வரும் (எண் பேசியவரைக் குறிக்கும், ? என்றால் யார் என்று தெரியவில்லை):

3: எங்க வீட்டுல அவரு சொன்னாத்தான்…
?: ஆமா ஆமா
5: அதெல்லாம் இல்லக்கா, டிவியில
(மூவர் ஒரே நேரத்தில், சிரிப்பு)
?: …போட்டாத்தான் நம்புவோம்

ஆய்வுக்கே ஆதாரமான கடைசி வரி யாருடையது என்று தெரியவில்லை. ஐந்தாம் எண்ணா, அவரை வெட்டிப் பேசிய வேறொருவரா? இதற்கு மருந்து உண்டு. வட்டமாக உட்கார்ந்தவர்களுக்கு இட எண் கொடுத்து, தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் பெயரும் ஒரு வாக்கியமும் சொல்லவைத்துக் குரலை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பெடுப்பவர் ஒவ்வொரு பேச்சுக்கும் எண்ணையும் முதல் இரண்டு சொல்லையும் மட்டும் எழுதிக்கொண்டே போகவேண்டும்: ‘3 – எங்க வீட்டுல’, ‘5 – அதெல்லாம் இல்லக்கா’. ரெக்கார்டர் இரண்டு வேண்டும், வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில், மடித்த துண்டின்மேல். வெறும் தரையிலோ ஸ்டீல் தட்டிலோ வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி மாதிரி விழும். சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும், போன் ஃபிளைட் மோடில் இருக்க வேண்டும். இத்தனையும் செய்ய இரண்டாவது ஆள் அவசியம். ஒரே ஆள் பேச்சையும் நடத்திக் குறிப்பும் எடுத்தால் இரண்டும் கெடும்.

கருவியை நம்பலாமா என்று கேட்பார்கள். தமிழ் வாய்ஸ் டைப்பிங் ஒற்றைக் குரலுக்கு ஓரளவு கைகொடுக்கும். வட்டார வழக்கும் குறுக்குப் பேச்சும் வந்தால் தடுமாறும். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தன் குரலில் திருப்பிச் சொல்லித் தட்டச்சாக்கினால் வேகம் கூடும். ஆனால் ‘வந்துச்சு’ என்பது ‘வந்தது’ ஆகிவிடும், ‘அவுக’ என்பது ‘அவர்’ ஆகிவிடும். கணவரை ஒரு பெண் ‘அவுக’ என்றாளா, ‘அவரு’ என்றாளா, ‘அந்தாளு’ என்றாளா என்பதே தரவு. பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், குறியீடு போடும் வேலையையும் (ஒரே கருத்துள்ள வரிகளுக்கு ஒரே பெயரிட்டுத் தொகுப்பதை) தமிழிலேயே செய்யுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

ஒரு சொல்லைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் புரியும். தமிழில் ‘நாங்க’ வேறு, ‘நாம’ வேறு. ‘நாங்க இதெல்லாம் ஃபார்வர்ட் பண்ண மாட்டோம்’ என்றால் கேட்பவர் வெளி ஆள். இருபதாவது நிமிடம் அதே பெண் ‘நாம என்ன, வந்தத அப்படியே தள்ளி விட்டுடறோம்’ என்கிறாள் என்றால், கேட்பவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். முதல் வாக்கியம் ஒப்பிக்கும் பதில், இரண்டாவது உண்மைக்கு நெருங்கியது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். குழுவில் ‘நாங்க’ என்றால் எங்கள் தெருவா, எங்கள் சங்கமா, இங்கே உட்கார்ந்திருக்கும் நாலு பேரா என்று பிரிக்க முடியாது. தனி நேர்காணலில் உடனே கேட்டுத் தெளியலாம். விளிச்சொல்லும் இப்படித்தான். ‘மேடம்’ என்று கூப்பிடும்வரை பரீட்சைப் பதில்தான் வரும். ‘கண்ணு’, ‘பாப்பா’, ‘தம்பி’ என்று மாறியபிறகு முக்கியமான கேள்வியைக் கேளுங்கள்.

குழுவைத் திரட்டுவதிலும் சிக்கல் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 முதல் 20 பேர்வரை தயாராகக் கிடைப்பார்கள் என்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அந்தக் குழுவை நடத்தும் ஊக்குநர் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கடன் விஷயம் அவர் கையில் இருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் மருமகளின் போன் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கூடுமிடம் கோயில் மண்டபம் என்றால் யார் வரமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும், வெளியூர் ஆய்வாளருக்கு மட்டும் தெரியாது. நூலகம், சத்துணவு மையத் திண்ணை மாதிரிப் பொது இடம் தேடவேண்டும். ரகசியம் காப்போம் என்ற வாக்கையும் குழுவில் உங்களால் கொடுக்க முடியாது. அங்கே பேசியது சாயங்காலம் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வீட்டு நேர்காணல் சுலபம் என்று சொல்லவில்லை. கணவரோ மாமியாரோ பக்கத்தில் வந்து உட்காருவார்கள், டிவி ஓடும். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் போனால் நூறு நாள் வேலை, பள்ளி விடும் நேரம் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். முதல் தடவை ரெக்கார்டரை எடுக்காமல் பேசிவிட்டு வாருங்கள், இரண்டாவது தடவை பதிவு செய்யுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால் கடன் பத்திரமோ என்று பயப்படுவார்கள். சம்மதத்தை வாயால் சொல்லவைத்துப் பதிவின் தொடக்கத்திலேயே சேர்ப்பது நல்லது. உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழு அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழு வெல்லும் இடமும் உண்டு. கிராமசபை அறிவிப்பு, பஸ் நேரம், ரேஷன் கடைத் தகவல் போன்ற பொது விஷயங்களில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்துவார். அந்தத் திருத்தம் தனியாகப் பேசினால் கிடைக்காது. ஊர்ச் சொற்களைப் பிடிக்கவும் குழுதான் சிறந்தது. நீங்கள் ‘பொய்ச் செய்தி’ என்று எழுதி வைத்திருப்பீர்கள், அவர்கள் ‘புரளி’, ‘சும்மா கெளப்பிவிட்டது’ என்பார்கள். நகரக் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்தினால் என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே கூச்சம் குறைவு, காணொலி வழியாகக் கூடினால் குரலும் தனித்தனியாகப் பதிவாக வாய்ப்புண்டு.

ஆகவே கிராமத்து ஆய்வுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் வாரம் இரண்டே குழு, குழுவுக்கு ஆறு பேர், சொற்களைப் பிடிக்க மட்டும். அந்தச் சொற்களை வைத்துக் கேள்விகளைத் திருத்தி எழுதிக்கொண்டு 15 வீடு. நாளைக்கு இரண்டு நேர்காணலுக்கு மேல் வேண்டாம், அன்றைய பதிவில் பாதியையாவது அன்றிரவே எழுதிவிடுங்கள். ஐந்தாவது நேர்காணலை எழுதும்போதுதான் எந்தக் கேள்வி வேலை செய்யவில்லை என்று தெரியும், அதைத் திருத்த இன்னும் பத்து வீடு மிச்சமிருக்கும். ரெக்கார்டரை நிறுத்திய பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது அவர்கள் சொல்வதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேளுங்கள். சரி என்றால் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே நோட்டில் எழுதுங்கள், வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி உங்கள் நடையில்தான் இருக்கும்.